ஆறு மில்லி மழையின் பயணம்

ஆறு மில்லி தண்ணீர். ஒரு தேக்கரண்டி நிரம்பிச் சற்று வழிந்தால் எவ்வளவோ, அவ்வளவுதான். குன்னூருக்கு மேலே, சில்வர் ஓக் மரங்கள் நிழல் தரும் தேயிலைச் சரிவு ஒன்றில் ஒரு தானியங்கி மழைமானி நிற்பதாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் புனலின் வாய் இருபது சென்டிமீட்டர் அகலம். 0.2 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த வாயில் விழும் தண்ணீர் ஆறு மில்லியைக் கொஞ்சம் தாண்டும். புனலுக்கு அடியில், சீசா பலகையின் இரு முனைகள் போல இரண்டு சின்னக் கிண்ணங்கள். ஒன்று நிரம்பியதும் கனம் தாங்காமல் சாய்ந்து கொட்டிவிடும்; மற்றது நிரம்புவதற்கு மேலே வரும். சாயும் கணத்தில் அதில் ஒட்டிய காந்தம் ஒரு நுண்ணிய சுவிட்சைக் கடக்கும். 'டிக்' என்று ஒரு துடிப்பு.

அந்த ஒரு டிக்கின் வாழ்க்கை வரலாறு இது. சரிவில் பிறந்து, பல நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள கணினியைப் போய்ச் சேர்ந்து, அங்கே எச்சரிக்கையாக உருமாறி, அதே சரிவின் கீழே தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தின் கைப்பேசிக்குத் திரும்பி வரும் வரையான கதை. வழியில் அதை யாரும் திருத்தக் கூடாது. அதன் பெயரில் வேறொருவர் பேசக் கூடாது. அது வராமல் போனால், வரவில்லை என்பதாவது தெரிய வேண்டும். இந்த மூன்றும் உறுதியாக இல்லாவிட்டால், அந்த மழைமானியை நம்பி யாரையும் வீட்டைவிட்டு எழுப்ப முடியாது.

கேத்தியின் 4,100

2009 நவம்பர் 10 அன்று பதிவான 24 மணி நேர மழை, நீலகிரி மாவட்டத்தின் கேத்தியில் 820 மில்லிமீட்டர். அந்த மழையில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். 820-ஐ 0.2-ஆல் வகுத்துப் பாருங்கள்: 4,100. நம் மழைமானி அன்று கேத்தியில் நின்றிருந்தால், சராசரியாக 21 விநாடிக்கு ஒரு முறை அதன் கிண்ணம் சாய்ந்திருக்கும். ஒரு நாள் முழுவதும், நிற்காமல்.

நீலகிரிக்கு அது முதல் துயரமும் இல்லை, கடைசியும் இல்லை. 1978, 1993 ஆண்டுகளின் நவம்பர் மழையை இங்குள்ள பெரியவர்கள் இன்னும் ஆண்டு சொல்லிப் பேசுகிறார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மாவட்டத்தில் பேரிடர் அபாயமுள்ளவை என்று அதிகாரபூர்வமாகப் பட்டியலிடப்பட்ட இடங்கள் 283.

இந்த மலையின் அடித்தளம் சார்னோகைட் என்னும் மிகப் பழைய கடும்பாறை. அது காலங்காலமாகச் சிதைந்து உண்டான செம்மண் அதன் மேல் ஆழமாகப் படிந்திருக்கிறது. நாள் கணக்கில் மழை பெய்தால் மண்ணின் துளைகளில் தண்ணீர் நிரம்பும். அந்தத் தண்ணீரின் அழுத்தம் மண் துகள்களை ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தள்ளும். ஏற்கெனவே கனத்துப்போன சரிவு பிடியை இழக்கும். எப்போது இழக்கும் என்று ஊகிக்க நம்மிடம் உள்ள மலிவான, எளிய குறிப்பு இரண்டே கேள்விகள்தான்: இதுவரை எவ்வளவு பெய்தது? இப்போது எந்த வேகத்தில் பெய்கிறது? அந்த இரண்டுக்கும் பதில் சொல்வது நம் டிக்.

கையெழுத்தை நம்பிய காலம்

இந்த மலையின் வானிலைக் கணக்கு மிகப் பழையது. தொட்டபெட்டா சிகரத்தில், கடல் மட்டத்திலிருந்து 8,640 அடி உயரத்தில், வானிலையைப் பார்ப்பதற்கென்றே ஒரு பங்களா இருந்தது. அங்கே 1847-48-இல் எடுத்த பதிவுகள் சென்னையில் புத்தகமாகவே அச்சாயின. பிறகு தேயிலைத் தோட்டங்கள் பெருகின. மழைக் கணக்கு எஸ்டேட் ஆபீசின் அன்றாட வேலைகளில் ஒன்றானது. காலை 8:30 மணிக்கு ஒருவர் மழைமானியைத் திறந்து, சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடி அளவுக்குடுவையில் ஊற்றி, கண் மட்டத்தில் பிடித்துப் பார்த்து, பேரேட்டில் எழுதுவார். கேட்டால் தொலைபேசியில் சொல்வார்.

அந்த எண்ணை ஏன் நம்பினோம்? எழுதியவரைத் தெரியும். கையெழுத்தைத் தெரியும். தொலைபேசியில் பேசும் குரலைத் தெரியும். பேரேட்டில் அடித்துத் திருத்தினால் தடம் தெரியும். அந்தக் காலத்து மழைக் கணக்குக்கு இவையே பாதுகாப்பு. தனியாக ஒரு பூட்டு தேவைப்படவில்லை.

ஆனால் இரவு இரண்டு மணிக்குச் சரியும் மண்ணுக்குக் காலை எட்டரை மணிப் பேரேடு உதவாது. அதனால்தான் தானியங்கிக் கருவிகள் வந்தன. தமிழக அரசு மாநிலம் முழுவதும் 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் நிறுவும் திட்டத்தைக் கையில் எடுத்தது. கருவிக்குக் குரல் கிடையாது, கையெழுத்து கிடையாது. பேரேட்டு மனிதரிடம் நமக்கு இருந்த நம்பிக்கையை இப்போது கணிதத்தைக் கொண்டு மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது.

புறப்பாடு

டிக் பிறந்ததும் உடனே புறப்பட்டுவிடாது. மழைமானியின் கம்பத்தில் ஒரு சிறிய பெட்டி. அதற்குள் சில்லு, பேட்டரி. மேலே சூரியத் தகடு. நீலகிரியில் மழையும் மூடுபனியும் சேர்ந்த வாரத்தில் வெயில் முகம் காட்டாது. கருவி அதிகம் உழைக்க வேண்டிய நாளில்தான் அதற்கு மின்சாரம் குறைவாகக் கிடைக்கும். அதனால் அது பெரும்பாலான நேரம் தூங்கும். டிக் கேட்டால் மட்டும் கண்விழித்து எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிட்டு மறுபடி தூங்கும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை முழுதாக எழுந்து செய்தி எழுதும்: எந்தக் கருவி, என்ன நேரம், எத்தனை சாய்வு, பேட்டரியில் எவ்வளவு மிச்சம், இது எத்தனையாவது செய்தி. எல்லாம் சேர்ந்தாலும் ஒரு எஸ்எம்எஸ் அளவுகூட வராது.

இனி அது காற்றில் ஏற வேண்டும். டவர் எட்டும் இடமாக இருந்தால் ஒரு சிம் கார்டு போதும். மலையின் மறைவில், பள்ளத்தாக்கின் மடிப்பில் சிக்னல் கிடைக்காத இடங்களில் 'லோரா' என்னும் குறைமின் வானொலி உதவும். இந்தியாவில் தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 865-867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது மெதுவாக, ஆனால் வெகுதூரம் பேசும். எதிர்மேட்டில் உள்ள ஒரு நுழைவாயில் கருவி அதைக் கேட்டு இணையத்தில் ஏற்றிவிடும். அங்கிருந்து சாலையோரம் புதைத்த கண்ணாடியிழை வழியாகச் சமவெளிக்கு இறங்கும். சாலை சரிந்தால் இழையும் சேர்ந்து அறுபடும் என்பதால், இரண்டாவது வழி ஒன்றும் தயாராக இருப்பது நல்லது.

காற்றில் ஏறிய நொடியிலிருந்து நம் செய்தி ஊர்ப் பொதுச்சொத்து. அதே அலைவரிசையில் கருவி வைத்திருக்கும் எவர் காதிலும் அது விழும்.

வழிப்பறிக்காரர்கள்

'மழைக் கணக்கை யார் திருடப்போகிறார்கள்?' என்று பலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பதில் மூன்று ஊர்களில் நடந்துவிட்டது.

முதல் ஊர் அமெரிக்காவின் டல்லஸ். 2017 ஏப்ரல் 7, வெள்ளிக்கிழமை நள்ளிரவு நெருங்கும் நேரம். சூறாவளி எச்சரிக்கைக்காக நகரெங்கும் வைத்திருந்த 156 சைரன்கள் ஒரே சமயத்தில் அலறின. வானில் ஒன்றுமில்லை. சைரன்களை இயக்கும் வானொலிக் கட்டளையை யாரோ போலியாக ஒலிபரப்பியிருந்தார்கள். அந்தக் கட்டளை உண்மையான அலுவலகத்திலிருந்துதான் வருகிறதா என்று சைரன் கேட்கவில்லை. கேட்க அதற்குக் கற்றுத்தரப்படவும் இல்லை. அவசர உதவி எண்ணில் ஆயிரக்கணக்கான அழைப்புகள் குவிந்தன. அடுத்த நாளே கட்டளைகளைக் குறியாக்கம் செய்ய நகராட்சி ஏற்பாடு செய்தது.

நீலகிரியில் இப்படி ஒரு பொய் எச்சரிக்கை வந்தால் என்ன ஆகும்? கொட்டும் மழையில், இருட்டில், கைக்குழந்தையையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு ஒரு குடும்பம் பள்ளிக்கூட முகாமுக்கு நடக்கும். விடிந்ததும் ஒன்றும் நடக்கவில்லை என்று தெரியும். அடுத்த முறை உண்மை எச்சரிக்கை வரும்போது அவர்கள் கதவைத் திறக்க மாட்டார்கள். பொய் எச்சரிக்கை திருடுவது மக்களின் நம்பிக்கையை. அதைத் திரும்பக் கொடுக்க எந்தத் துறையாலும் முடியாது.

இரண்டாவது ஊர் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க். 2010-11 வாக்கில் அங்கே போக்குவரத்து சிக்னல் விளக்குகளைத் திறந்து, உள்ளே இருந்த சிம் கார்டுகளைத் திருடினார்கள். நூற்றுக்கணக்கான விளக்குகள் செயலிழந்தன. திருடியவர்கள் அந்த சிம்மைப் போட்டு இஷ்டம்போல் பேசினார்கள். கட்டணம் நகராட்சியின் தலையில். விளக்கைத் தவிர வேறு எங்கும் பேச முடியாதபடி அந்த சிம் கட்டப்பட்டிருந்தால் திருடுவதில் பயனே இருந்திருக்காது. தேயிலைச் சரிவில் காவலின்றி நிற்கும் மழைமானிக்கும் இந்தப் பாடம் அப்படியே பொருந்தும்.

மூன்றாவது ஊருக்கு எல்லை இல்லை. 2016-இல் 'மிராய்' என்ற தீநிரல் உலகெங்கும் உள்ள கண்காணிப்பு கேமராக்களையும் வீட்டு ரௌட்டர்களையும் தேடித் தேடிப் பிடித்தது. அதன் ஆயுதம், தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய அறுபதுக்கும் சற்று மேற்பட்ட கடவுச்சொற்களின் பட்டியல். வாங்கியவர்கள் மாற்றாமல் விட்டிருந்ததால் கதவுகள் தாமாகத் திறந்தன. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இப்படிப் பிடிபட்ட கருவிகள் ஒன்றுசேர்ந்து 'டைன்' என்ற இணைய முகவரிச் சேவையை மோதின. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களை லட்சக்கணக்கானோர் மணிக்கணக்கில் திறக்க முடியவில்லை. கேமராவின் சொந்தக்காரருக்குத் தன் கேமரா படையில் சேர்ந்தது தெரியவே தெரியாது. மழைமானியின் மழைக் கணக்கு யாருக்கும் வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். அதன் சில்லும் இணைய இணைப்பும் வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

மூட்டையும் முத்திரையும்

குன்னூர் ஏல மையத்துக்கு 1963 முதல் தேயிலை வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு மூட்டையிலும் தோட்டத்தின் பெயர், தூளின் தரம், இன்வாய்ஸ் எண், எடை எழுதியிருக்கும். ஆனால் பெயர் அச்சாகியிருப்பதால் மட்டும் அது அந்தத் தோட்டத்துத் தூள் ஆகிவிடாது. பெயரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். வேறு யாராலும் போட முடியாத ஒரு முத்திரை வேண்டும். மூட்டை வழியில் பிரிக்கப்பட்டிருந்தால் அந்த முத்திரை காட்டிக்கொடுக்கவும் வேண்டும்.

மின்னணுச் செய்திக்கு அந்த முத்திரையைத் தருவது சாவிக் கணிதம். 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் ஒரு விந்தையை நிறுவினார்கள். முன்பின் சந்திக்காத இருவர், சந்தையில் எல்லோர் காதிலும் விழும்படி பேசிக்கொண்டே, தங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசிய எண்ணை உருவாக்கிக்கொள்ளலாம் என்று கணிதத்தால் காட்டினார்கள். மறு ஆண்டே ஆர்எஸ்ஏ முறை வந்தது: பூட்டுவதற்கு ஊருக்கே தெரிந்த ஒரு சாவி, திறப்பதற்கு உரியவரிடம் மட்டும் இன்னொரு சாவி. இன்று வங்கிச் செயலியிலும் மழைமானியிலும் ஓடும் டிஎல்எஸ் என்னும் பாதுகாப்பு வழிமுறை இந்தச் சிந்தனையிலிருந்து வளர்ந்தது. அதன் 1.3 பதிப்பு 2018-இல் வெளியானது.

அது எப்படி நடக்கிறது என்பதை நீலகிரிக்காரர்களுக்குச் சொல்வது எளிது. 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வெளியூர் வண்டிகள் ஊட்டிக்கு வர இ-பாஸ் வேண்டும். கல்லாறு சோதனைச் சாவடியில் ஓட்டுநர் பாஸைக் காட்டுகிறார். ஊழியர் சரிபார்த்து விடுகிறார். ஆனால் நிறுத்தியவர் உண்மையான ஊழியர்தானா என்று ஓட்டுநர் சோதிப்பதில்லை. சீருடையையும் சாவடியையும் பார்த்து நம்புகிறார். இணையத்தில் சீருடை இல்லை. அதனால் இரு பக்கமும் பாஸ் காட்ட வேண்டும். முதலில் சர்வர் தன் சான்றிதழை நீட்டும். அதை வழங்கிய அமைப்பின் அசல் முத்திரை மாதிரி மழைமானிக்குள் முன்பே பதிந்திருக்கும். ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்தியானால்தான் அது பேசும். பிறகு சர்வர் கேட்கும்: 'நீ யார்?' மழைமானி தன் சான்றிதழைக் காட்டி, தன்னிடம் மட்டும் உள்ள ரகசியச் சாவியால் ஒரு கையொப்பமும் போட்டுத் தரும். இரண்டும் பொருந்தினால் அவர்களுக்கு நடுவே ஒரு மூடிய குழாய் உருவாகும். அதற்குள் போகும் செய்தியில் ஒரு எழுத்தை மாற்றினாலும் மறுமுனையில் தெரிந்துவிடும்.

நேற்று பிடித்து வைத்த செய்தியை இன்று மறுபடி விட்டால்? இன்வாய்ஸ் எண் போல ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் உண்டு என்று சொன்னேன் அல்லவா? ஒரே எண் இரண்டு முறை வந்தால் இரண்டாவதைச் சர்வர் தள்ளிவிடும். கருவியையே கழற்றிக்கொண்டு போனால்? ரகசியச் சாவியைச் சாதாரண நினைவகத்தில் வைக்காமல், வெளியே எடுக்கவே முடியாதபடி செய்த தனிச் சில்லில் வைப்பது அதற்காகத்தான். ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி என்பதால், திருடு போன ஒன்றை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். மற்றவை வழக்கம்போல வேலை செய்யும்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஐம்பது பைட் மழைக் கணக்கை அனுப்பச் சில ஆயிரம் பைட் சான்றிதழ்கள் கைமாற வேண்டும். பேட்டரி குறையும். சூரியன் வராத வாரத்தில் அந்தச் செலவு கருவியை உறுத்தும். அதனால்தான் 'மழைக் கணக்குதானே, பூட்டு எதற்கு' என்று கழற்றிவிடும் ஆசை வருகிறது. கழற்ற வேண்டாம். முன்பு செய்த அறிமுகத்தை நினைவில் வைத்து அடுத்த முறை சுருக்கமாகக் கைகுலுக்கும் வழி டிஎல்எஸ்ஸிலேயே இருக்கிறது. கணக்கை விரைவாகப் போடும் தனிச் சில்லும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும்.

உயில் எழுதி வைக்கும் கருவி

மூடிய குழாய்க்குள் கருவி பேசும் மொழிக்குப் பெயர் எம்க்யூடிடி. ஐபிஎம் நிறுவனத்தின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க இதை உருவாக்கினார்கள். செயற்கைக்கோள் இணைப்பில் ஒவ்வொரு பைட்டுக்கும் காசு. அடிக்கடி அறுந்தும் போகும். அதனால் மொழி சிக்கனமாகப் பிறந்தது. செய்தியின் முகப்பு இரண்டே பைட்டில் அடங்கிவிடும். மலைக்கும் இதே சிக்கனம்தான் வேண்டும்.

இந்த மொழியில் கருவி நேரே யாரிடமும் பேசாது. நடுவில் ஒரு தரகர் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் தனித் தலைப்பு; தன் தலைப்பில் மட்டுமே அது எழுதலாம் என்று தரகர் கட்டுப்படுத்த வேண்டும். குன்னூர்க் கருவியின் சாவி பறிபோனாலும் அதைக் கொண்டு கோத்தகிரியின் பெயரில் பொய் சொல்ல முடியாது. எப்போதும் கருவிதான் தரகரை அழைக்கும். வெளியிலிருந்து யாரும் கருவியை அழைக்க முடியாது. தட்டுவதற்குக் கதவே இல்லை என்றால் மிராய் போன்றவை எதைத் தட்டும்? எம்க்யூடிடியைப் பூட்டில்லாமலும் ஓட்டலாம், பூட்டோடும் ஓட்டலாம். பூட்டில்லாத வழிக்கு வழக்கமான வாசல் எண் 1883. பூட்டுள்ள வழிக்கு 8883. எந்த வாசல் திறந்திருக்கிறது என்று கேட்பது மழைமானி வாங்குகிறவரின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இந்த மொழியில் என்னை மிகவும் தொட்ட ஏற்பாடு ஒன்று உண்டு. இணைப்பு தொடங்கும்போதே கருவி தன் உயிலைத் தரகரிடம் எழுதி வைத்துவிடும்: 'நான் விடைபெறாமல் திடீரென்று மறைந்தால் இந்தச் செய்தியை எல்லோருக்கும் சொல்லிவிடு.' பெயரே 'கடைசி உயில்'தான். குறித்த நேரத்துக்குள் கருவியிடமிருந்து நாடித்துடிப்பு வராவிட்டால் தரகர் அந்த உயிலை வாசித்துவிடுவார். சரியும் மண்ணோடு மழைமானியே போய்விட்டால், அது சொல்லும் கடைசித் தகவல் அந்த மௌனம். அந்த மௌனத்தைக் கேட்க ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

பூட்டு எதைக் காக்காது?

டிக் இப்போது சென்னையிலோ மும்பையிலோ உள்ள தரவு மையத்துக்கு வந்துவிட்டது. 'மேகக் கணிமை' என்பது கடைசியில் ஒரு கட்டடம். மின்சாரமும் குளிர்காற்றும் பாயும் அறைகளில் அடுக்கிய கணினிகள். இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். பூட்டு பொய்யையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும். மழைமானியின் புனலில் ஒரு சில்வர் ஓக் இலை விழுந்து அடைத்திருந்தால், கொட்டும் மழையில் கருவி 'பூஜ்யம்' என்று எழுதி, முறையாகக் கையொப்பமிட்டு, பத்திரமாக அனுப்பிவைக்கும். முத்திரை சரி, சான்றிதழ் சரி, செய்தி தவறு. பக்கத்து மழைமானிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும், புனலைக் கையால் துடைப்பதும் அதனால்தான் பாதுகாப்பின் பகுதிகள் ஆகின்றன.

திருடரைவிடக் கவனக்குறைவு அதிகக் கருவிகளை ஊமையாக்குகிறது. பேட்டரி முழுதாக வடிந்து மறுபடி உயிர்பெறும் கருவிக்குக் கடிகாரம் மறந்துபோகும். பல கருவிகள் அப்போது 1970 ஜனவரி 1 என்று நினைத்துக்கொள்ளும். சர்வர் நீட்டும் சான்றிதழ் இன்னும் அரை நூற்றாண்டு கழித்துத்தான் செல்லுபடியாகும் என்று அதற்குத் தோன்றும், பேச மறுத்துவிடும். ஒருவரும் தாக்கவில்லை, ஒன்றும் உடையவில்லை. ஆனாலும் சரிவிலிருந்து செய்தி வராது. சரியான நேரத்தை முதலில் பெற்றுக்கொள்ளும் வழியையோ, கடிகாரத்துக்கென்று தனி பேட்டரியையோ வைத்தால் இது தீரும். 2021 செப்டம்பர் 30 அன்று, இணையத்தில் பரவலாக நம்பப்பட்ட ஒரு மூலச் சான்றிதழின் காலம் முடிந்தது. தேதி பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்ததுதான். ஆனாலும் புதுப்பிக்காத பழைய கருவிகள் பல அன்று உலகெங்கும் இணைப்பை இழந்தன. இதைப்போல் ஒன்று நவம்பர் மழைக்கு நடுவே மலையில் நடக்கலாமா?

திரும்பும் வழி

மேலே ஏறிய கணக்கு கீழே எச்சரிக்கையாக இறங்கியதற்கு நம் பக்கத்திலேயே முன்னோடி உண்டு. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த மூணாறில், 2005-இல் மண்சரிவு கண்ட அந்தோணியார் காலனியில், அமிர்தா விஸ்வ வித்யாபீடம் 2009 வாக்கில் கம்பியில்லாத் தொடர்புள்ள உணர்கருவிகளைப் பூமிக்குள் இறக்கியது. மண்ணுக்குள் நீரழுத்தம், சாய்வு, அதிர்வு, மேலே மழை என்று அவை அளந்தவை செயற்கைக்கோள் வழியாகக் கொல்லம் அருகே அமிர்தபுரி வளாகத்துக்குப் போயின. அந்த ஆண்டு மழையிலேயே அங்கிருந்து எச்சரிக்கையும் வந்தது.

நீலகிரிக்கு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2020 பருவமழையில் சோதனை முறையில் நிலச்சரிவு முன்னறிவிப்பைத் தொடங்கியது; அப்போது அந்த வாய்ப்பைப் பெற்ற மற்ற இடங்கள் டார்ஜிலிங், காலிம்போங். 2024 ஜூலை 19 அன்று கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறக்கப்பட்டது. இரண்டு வாரம் ஆகுமுன், ஜூலை 30 அதிகாலையில், கூடலூருக்கு அடுத்த வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை பகுதிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களை மண் கொண்டுபோனது. முன்னறிவிப்பு ஒரு மாவட்டத்தின் வாசல் வரை வந்தால் போதாது. அந்தச் சரிவின் அந்த வரிசை வீடுகள் வரை இறங்கி வர வேண்டும்.

அந்த வரிசை வீடுகளில் இருப்பது யார்? 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்து, 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள். ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களின் விவசாயிகள். கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் சரிவுகளில் கூலிக்கு உழைப்பவர்கள். 2023 அக்டோபரில் தமிழ்நாட்டின் கைப்பேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறிய அந்தச் சோதனை எச்சரிக்கை நினைவிருக்கிறதா? அந்த வழியாக இப்போது ஒரே நொடியில் ஒரு டவரின் கீழுள்ள அத்தனை கைப்பேசிகளையும் எழுப்ப முடியும். அவ்வளவு வலிமையுள்ள மணியை எந்தக் கணக்கு அடிக்கச் சொல்கிறதோ, அந்தக் கணக்கின் மூலத்துக்கு அவ்வளவு வலிமையான பூட்டும் வேண்டும்.

நெறிகள் வந்துகொண்டிருக்கின்றன. இந்தியாவின் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021-இல் இணையக் கருவிகளுக்கான நடைமுறை நெறிகளை வெளியிட்டது. எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் கூடாது, குறை கண்டால் சொல்ல ஒரு வழி வேண்டும், மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பவை அதில் முதன்மையானவை. இணையக் கருவிகள் தாக்கப்பட்டால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022-இல் உத்தரவிட்டது. ஏட்டில் உள்ள இந்த நெறிகள் மழைமானி வாங்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இறங்கினால்தான் கேத்திக்குப் பயன்.

எனவே மழைமானி வாங்கும் அரசு அலுவலகத்துக்கும், எஸ்டேட் நிர்வாகத்துக்கும், கல்லூரித் திட்டமாகக் கருவி செய்து மலையில் நட வரும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி கொடுங்கள். பூட்டில்லாத வாசலை மூடுங்கள். சான்றிதழ் முடியும் தேதியைச் சுவரில் எழுதி, அதைப் புதுப்பிக்க வேண்டியவரின் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். வராத செய்தியை மழையில்லை என்று எடுத்துக்கொள்ளாமல், ஆளை அனுப்பிப் பாருங்கள். மாதம் ஒரு முறை புனலைத் துடையுங்கள். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு மழைமானியின் விலையில் சிறு பங்கு.

கேத்தியில் அன்று விழுந்தது 4,100 டிக்குக்கான மழை. அதே அளவு மழை இந்த மலைக்கு மறுபடி வரும். அப்போது ஒவ்வொரு டிக்கும் திருத்தப்படாமல், தொலையாமல், தன் பெயரோடு போய்ச் சேர வேண்டும். அதற்கான வேலையை அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் முடித்துவிடுங்கள்.